நாலாவது கட்டத்தில் எழுதாதது

ஏரிக்கரை குடியிருப்பு
ஏப்ரல் 22

டேய் கொக்கு,

உன் தீவுல போன் எடுக்காது. எடுத்தாலும் உன் குரலைக் கேட்டா நான் கத்திடுவேன், கத்தினா நீ வெச்சிடுவ. அதனாலதான் பேப்பரும் பேனாவும். வாரத்துக்கு ரெண்டு தடவை உங்க நிலையத்துக்குத் தபால் படகு வருதாமே, இது வந்து சேரட்டும்.

ஞாயித்துக்கிழமை பேப்பரை உங்க அத்தான்தான் முதல்ல பாத்தார். பாத்துட்டு மடிச்சு தன் தலைகாணிக்கு அடியில வெச்சுட்டார். அவர் எதையும் ஒளிச்சு வைக்கத் தெரியாத மனுஷன், எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு. மூணாம் பக்கம், தொப்பியோட உன் போட்டோ. "இன்ஜினியர்களுக்கு ஏரின்னா ஒரு தொட்டி, அவ்வளவுதான்." ஆஹா, என்ன வசனம்! இந்த ஏரிக்கு இருக்கறது ஒரே ஒரு இன்ஜினியர்தான்டா. அவ உன் அக்கா. டைப்பிஸ்ட்ல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் படிச்சிட்டு, நான் தாண்டிப் போனா பேச்சை நிறுத்தறாங்க.

நடந்தது என்னன்னு கேளு. ஏரியில ஏழடி வண்டல். ஊருக்குத் தண்ணி எடுக்கற கிணறு போன கோடையில சேறுதான் கக்குச்சு. ஆஸ்பத்திரியில குழந்தைங்க வார்டுல ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேர், எல்லாம் வாந்தி பேதி. டாக்டர் ஒரு பாட்டில் குழாய்த் தண்ணியக் கொண்டுவந்து என் மேஜை மேல வெச்சுட்டுப் போயிட்டார். தூர் வாராம என்ன பண்றது?

தெக்குப் பாதி முதல்ல காயும், அதனால அங்க ஆரம்பிச்சோம். மூணாம் நாள் காலைல பொக்லைன் ஓட்டறவர் இயந்திரத்தை அப்படியே நிறுத்திட்டு என்னைக் கூப்பிட்டார். வாளி நிறைய சேறும் ஆமையும். ஓடு உடைஞ்சது, உடையாதது, இன்னும் கால் ஆட்டிக்கிட்டிருந்தது. "மேடம், நான் கல்லுன்னு நெனச்சேன்"ன்னார் அவர். ரெண்டு நாளா அந்தக் கல்லை அள்ளி லாரியில ஏத்தியிருக்கார். லாரியெல்லாம் செங்கல் சூளைக்குப் போயிடுச்சு. மிச்சம் குவிஞ்சு கிடந்ததை நான் எண்ணினேன். நூத்தி நாப்பது வரைக்கும் எண்ணினேன், அப்புறம் முடியல.

இப்ப என் கேள்விக்கு வா. இந்த மாதிரி வேலைக்கு எங்க பெரியவர், அதான் தலைமை இன்ஜினியர், ஒரு ஒப்புதல் படிவம் கொண்டுவந்தார். பல துறையும் கூடி எடுக்கற முடிவாம், அவருக்கு அதுல அவ்வளவு பெருமை. நாலு கட்டம். முதல் கட்டம் நான். ரெண்டாவது டாக்டர். மூணாவது மண் பரிசோதனைக்காரர். நாலாவது உயிரினங்கள். அதுல என்ன இருக்கு தெரியுமா? "ஏப்ரல் முதல் ஜூன் வரை ஏரியில் பறவைகள் இரா. பணி செய்யலாம்." கீழ உன் கோழிக்கிறுக்கல் கையெழுத்து. பேப்பர்காரனுக்கு இதை ஏன் சொல்லல?

தெக்குப் பாதி முடிஞ்சதும், மே 20 அன்னிக்கு வடக்குப் பாதியில இயந்திரம் இறங்குது. அதுக்கும் உனக்குப் படிவம் வரும். நிரப்பறப்ப என் முகத்தைக் கொஞ்சம் நெனச்சுக்கோ.

உன் அக்கா


தீவு நிலையம்
ஏப்ரல் 27

அக்கா,

படகுத்துறையில நின்னே ஒரு தடவை படிச்சேன், அறைக்கு வந்து ரெண்டு தடவை.

படிவத்துல கேட்டது என்ன? "பறவைகள் இல்லாத மாதங்கள் எவை?" அச்சடிச்ச கேள்வி. நான் பறவைக்காரன், பதில் சொன்னேன். அந்த பதில் இன்னிக்கும் சரி. உன்கிட்ட ஒருத்தர் பாலம் எத்தனை அடின்னு கேட்டா ஆத்துல என்ன மீன் ஓடுதுன்னா சொல்லுவ? பறவை இல்லாத ஏரி காலி ஏரின்னு நெனச்சது உங்க ஆபீஸ். ஜன்னலைத் திறந்தா ஏரி தெரியற வீட்டுல இருபது வருஷமா குடியிருக்கறது நீ. நான் கடலுக்கு நடுவுல உக்காந்து உள்ளான் குருவி எண்ணிக்கிட்டு இருக்கேன். பழியை எவ்வளவு தூரம் அனுப்பறதுன்னு ஒரு அளவு வேண்டாமா?

தொட்டின்னு சொன்னது உன்னை இல்ல. சரி, உன்னையும் சேர்த்துதான். பேப்பர்ல வந்த அந்த ஆமை ஓட்டுக் குவியல் போட்டோவைப் பாத்துட்டு ரெண்டு நாள் சோறு இறங்கல எனக்கு. மூணாம் நாள் அந்த நிருபர் வந்து கேட்டார், வாய்க்கு வந்ததைக் கொட்டிட்டேன். உன் முகம் ஞாபகம் வரலன்னு பொய் சொல்ல மாட்டேன். வந்தது, இருந்தும் சொன்னேன்.

வடக்குப் பாதிக்கு நான் கையெழுத்து போட மாட்டேன். நாலாவது கட்டம் காலியாவே திரும்பி வரும். பெரியவர் என்ன பண்றாருன்னு பாக்கலாம்.

கொக்குன்னு கூப்பிடறதை நிறுத்து, எனக்கு நாப்பத்தஞ்சு வயசு. அத்தானுக்கு என் மேல கோவம் வேண்டாம்னு சொல்லு. இன்னொண்ணு எழுதலாம்னு நெனச்சேன், படகு கிளம்பப்போகுது, இருக்கட்டும்.

தம்பி


ஏரிக்கரை குடியிருப்பு
மே 2

நாப்பத்தஞ்சு வயசுக் கொக்கே,

நீ போடலன்னா வேற ஒரு பறவைக்காரர் போடுவார். பெரியவர் ஏற்கனவே ஆள் பாத்தாச்சு. அவரும் பொய் சொல்லப்போறதில்ல. பறவை இல்லதானே? உன் காலிக் கட்டத்தால ஒரு கரண்டி மண்ணு கூட தப்பிக்காது.

நேத்து பெரியவர் ரூமுக்குப் போனேன். வடக்கை விட்டுடலாம்னு கேட்டேன். "ஏம்மா, தெக்க நடந்தது ஒரு விபத்து. யாருக்கும் தெரியாம நடந்துபோச்சு. விபத்துக்காக ஊரைத் தாகத்துல போட முடியுமா?"ன்னார். அவர் கெட்டவர் இல்லடா. அவர் பேரனும் அந்த வார்டுல நாலு நாள் கிடந்தான். விதிப் புத்தகத்தைப் பிரிச்சே காட்டினார். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இப்படி ஆகும்னு சம்பந்தப்பட்ட யாருக்காவது தெரிஞ்சிருந்து, அதுக்கு எழுத்துல ஆதாரம் இருந்தா, ஒப்புதல் செல்லாது. மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இல்லன்னா விபத்து விபத்துதான், மே 20 மே 20தான்.

அதனால நேரா கேக்கறேன். பதினாறு வருஷம் முன்னாடி நீ ஆராய்ச்சின்னு சொல்லி ரெண்டு வருஷம் எங்க வீட்டுல தங்கின. காலைல போவ, மத்தியானம் இடுப்பளவு சேத்தோட வருவ. வாசல்ல வெச்சு உன் மேல தண்ணி ஊத்துவேன், உன் பேன்ட்டை நான்தான் அலசினேன். ரெண்டு கோடையும் அந்தச் சேத்துலதான் நடந்த. உனக்கு ஆமை இருக்கறது தெரியவே தெரியாதா?

சுத்தி வளைக்காம பதில் சொல்லு.

அக்கா


தீவு நிலையம்
மே 7

அக்கா,

தெரியும்.

இந்த ஒரு வார்த்தையை எழுதிட்டு வெளிய போய் நடந்துட்டு வந்தேன். இப்ப மிச்சத்தை எழுதறேன்.

முதல் கோடையில காஞ்ச நாணலுக்கு நடுவுல பழைய கூடு தேடிக்கிட்டிருந்தேன். வலைக்காரம்மாவை ஞாபகம் இருக்கா, கரையோரம் வலை போடுவாங்களே, எப்பவும் என்னை முறைச்சுக்கிட்டே இருப்பாங்க. "எங்க காலை வைக்கற, பாத்து வை"ன்னு ஒரு அதட்டல் போட்டாங்க. ஒரு இரும்புக் கம்பிய சேத்துல மெதுவா இறக்கினாங்க, டொக்குன்னு சத்தம். கைய விட்டு ஒரு ஆமைய எடுத்தாங்க. தூங்கிக்கிட்டிருந்தது. தண்ணி வத்தினா சேத்துக்குள்ள போய்ப் படுத்துக்கும், முதல் மழைக்குத்தான் எழுந்திருக்கும்னு சொல்லிட்டு, எடுத்த பக்கமே தலை இருக்கற மாதிரி திருப்பி வெச்சு சேத்தை மூடினாங்க. அன்னிக்கு என் நோட்டுல அரைப் பக்கம் எழுதினேன். எங்க பேராசிரியர் அதை குறுக்கா அடிச்சுட்டு "உன் தலைப்பு பறவை"ன்னு ஓரத்துல எழுதினார். நானும் சரின்னு விட்டுட்டேன்.

போன டிசம்பர்ல உங்க படிவம் வந்தப்ப அது ஞாபகம் வந்தது. மறந்துட்டேன்னு சொல்ல முடிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும். ரெண்டு விரல் அகலக் கட்டத்துல பேனாவை வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். எழுதினா வேலை நிக்கும்னு தெரியும். நின்னா ஏரி ஆழமாகாது. ஆழமானா முக்குளிப்பான், வாத்தெல்லாம் திரும்பி வரும்னு எனக்கு ஒரு ஆசை, பத்து வருஷ ஆசை. ஆமைக்கு ஆமைக்காரன் யாராவது சொல்லுவான்னு என்னையே சமாதானப்படுத்திக்கிட்டேன். அந்தப் படிவத்துல ஆமைக்காரனுக்குக் கட்டமே இல்லன்னு என் கண்ணுக்கு முன்னாடியே தெரிஞ்சது.

பேப்பர்ல உன்னைத் திட்டினது என்னைத் திட்டிக்க முடியாமதான்.

அந்த நோட்டு இங்கதான் இருக்கு. பக்கத்தை பெரியவருக்கு அனுப்பட்டுமா? அனுப்பினா இந்த நிலையத்துல என்னை வெச்சுக்க மாட்டாங்க. அனுப்பறேன், ஆனா நீ அனுப்புன்னு ஒரு வார்த்தை சொல்லேன். உனக்கு இதுல எந்த வில்லங்கமும் இல்ல. நீ தெரியாம செஞ்சவ.

தம்பி


ஏரிக்கரை குடியிருப்பு
மே 11

தம்பி,

உன் கடிதத்தைப் படிச்சதும் முதல்ல நிம்மதியா இருந்தது. அந்த நிம்மதியை நெனச்சா எனக்கே அருவருப்பா இருக்கு. நீ ஒருத்தன் ஒத்துக்கிட்டா போதும், நான் தப்பிச்சேன்னு ஒரு அஞ்சு நிமிஷம் சந்தோஷமா இருந்தேன்டா.

நானும் தெரியாதவ இல்ல.

வேலை ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாள், திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, அதே வலைக்காரம்மா என் ஆபீஸுக்கு வந்தாங்க. கம்பிய வாசல் சுவத்துல சாத்தி வெச்சுட்டு உள்ள வந்தாங்க. ஈரப் புடவை, நின்ன எடத்துல தண்ணி சொட்டுது. லாரிக்கு வழி போடற கணக்குல இருந்தேன், தலையத் தூக்கல. "தெக்க இப்ப வெட்டாதீங்க, உள்ள ஆமை தூங்குது"ன்னாங்க. நான் தரையில இருந்த ஈரத்தைத்தான் பாத்தேன். ஃபைல் நனையுமேன்னு. "புதன்கிழமை மனு நாள், எழுதிக்கிட்டு வாங்கம்மா"ன்னேன். "வேலை நாளைக்கே ஆரம்பிக்குதே"ன்னாங்க. நான் ஃபேன் சத்தத்துல கேக்காத மாதிரி இருந்துட்டேன். கொஞ்ச நேரம் நின்னாங்க, போயிட்டாங்க. நான் மண் பரிசோதனைக்காரர் அறிக்கைய நாலு தரம் படிச்சவ, டாக்டர் பேச்சை நின்னு கேட்டவ. அவங்க சொன்னது எந்தக் கட்டத்துலயும் வராது, அதனால எனக்கு அது ஒரு தகவலாவே படல.

ரெண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் சொல்லியிருக்காங்க, பாத்தியா. ரெண்டு பேரும் படிச்சவங்க.

இதோட முடியல. எங்க கேட்ல வர்றவங்க பேர் எழுதற ஒரு நோட்டு உண்டு. வாட்ச்மேன் அழகா எழுதியிருக்கார். தேதி, பதினொரு மணி, வந்தவங்க பேர், பாக்க வந்தது நான், காரணம் "ஏரி ஆமை விஷயமாக". அந்தக் குவியலை எண்ணிட்டு வந்த அன்னிக்கு சாயங்காலமே பழைய நோட்டு தீர்ந்துபோச்சுன்னு சொல்லி அவருக்குப் புதுசு கொடுத்தேன். பழசு என் பீரோல துணிக்கு நடுவுல இருக்கு. உங்க அத்தானுக்குத் தெரியாது. துணி எடுக்கும்போதெல்லாம் கை அதுல இடிக்குது.

உன் பக்கம் மட்டும் போதாது. பதினாறு வருஷப் பழசு, "அப்ப இருந்திருக்கும், இப்ப யார் கண்டா?"ன்னுடுவார் பெரியவர். இந்த நோட்டு போனாதான் வேலை நிக்கும். நோட்டு போனா நானும் போவேன். மறைச்சதுக்கே தனியா தண்டனை உண்டு.

இன்னும் ஒன்பது நாள் இருக்கு. பயமா இருக்குடா.

அக்கா


தீவு நிலையம்
மே 14

அக்கா,

தபால் படகுக்குக் காத்திருக்க முடியல, மீன்காரர் படகுல கொடுத்தனுப்பறேன்.

நோட்டைக் கொடுக்காதே. என் பக்கத்தை நேத்தே அனுப்பிட்டேன், கூட நாலு பக்க விளக்கமும், கையெழுத்தோட. பெரியவருக்கு அது போதும். போதாதுன்னா இன்னும் நாலு பக்கம் எழுதறேன். உனக்கு ஓய்வுக்கு ஆறு வருஷம் இருக்கு, அத்தானுக்கு முழங்கால் வேற. எனக்கு யாரும் இல்ல, நான் எங்க போனாலும் ஒரு தொலைநோக்கியும் ஒரு பையும்தான். விசாரணை, ஆபீஸ் வராந்தா, தெரிஞ்சவங்க முன்னாடி தலைகுனிவு, இதெல்லாம் நீ தாங்க மாட்ட.

அந்த நோட்டை எரிச்சுடு. நிஜமாதான் சொல்றேன்.

எழுதினதுக்கு அப்புறம் திருப்பிப் படிச்சேன். பேப்பர்ல அவ்வளவு வாய் கிழியப் பேசினவன் எழுதற கடிதமா இது? இருக்கட்டும். நீ எனக்கு அக்கா.

தம்பி


ஏரிக்கரை குடியிருப்பு
மே 19

தம்பி,

எரிக்கல. கொடுத்துட்டேன்.

உன் கடிதம் வந்த அன்னிக்கு நான் வலைக்காரம்மா வீட்டைத் தேடிப் போனேன். மன்னிப்பு கேக்கணும்னு. அவங்க வலைய உதறிக்கிட்டே, "இப்ப வந்து என்னம்மா"ன்னாங்க. உக்காரக் கூட சொல்லல. வடக்குப் பாதியிலயும் இருக்கான்னு கேட்டேன். "இருக்கறதாலதான் உங்ககிட்ட வந்தேன், வேலை வெட்டி இல்லாமலா வந்தேன்?"ன்னாங்க. வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து உங்க அத்தான்கிட்ட நோட்டைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கத்தைத் தேடிப் படிச்சார். அப்புறம் "நாளைக்கு நானும் கூட வரேன், வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கேன்"ன்னார்.

பெரியவர் உன் பக்கத்தைப் படிச்சு வெச்சிருந்தார். என் நோட்டையும் படிச்சார். கண்ணாடியக் கழட்டித் துடைச்சார். "நீயாம்மா?"ன்னார். அந்த ஒரு கேள்விக்கு அழுதேன், வேற எதுக்கும் அழல.

முந்தாநாள் அவர் அறையில எல்லாரையும் கூப்பிட்டார். டாக்டர், மண் பரிசோதனைக்காரர், நான், வலைக்காரம்மா. அந்தப் படிவத்துல உன்னையும் சேர்த்து நாம நாலு பேரும் ஒரே தாள்ல உக்காந்திருந்தோமே ஒழிய ஒரே அறையில உக்காந்ததே இல்ல. பெரியவர் வலைக்காரம்மாகிட்ட "எங்க எங்க இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"ன்னார். "உங்களுக்கு எப்படித் தெரியாது?"ன்னாங்க அவங்க. டாக்டர் சிரிச்சுட்டார், அப்புறம் சிரிச்சதுக்கு வெக்கப்பட்டார்.

மேஜை மேல என் வண்டல் வரைபடத்தை விரிச்சேன். வலைக்காரம்மாவுக்குப் படிக்க வராது, ஆனா மதகு எங்க, ஓடை எங்கன்னு ஒரு தடவை காட்டினதும் விரலை வெச்சுக் கோடு போட்டாங்க. நாணல் ஓரத்துல, முழங்கால் அளவு கெட்டிச் சேத்துல படுக்கும். கிணத்துக்குப் போற பழைய ஓடையில படுக்காது, அங்க கடைசி வரைக்கும் தண்ணி ஓடும், சேறு கஞ்சியா இருக்கும். மண்காரர் தன் மாதிரியெல்லாம் பாத்துட்டு ஆமாம்னார். டாக்டர் என்கிட்ட "ஓடையை மட்டும் வெட்டினா கிணத்துக்குத் தெளிஞ்ச தண்ணி வருமா?"ன்னார். கணக்கு போட்டேன். வரும். பத்து வருஷத்துக்கு இல்ல, ரெண்டு வருஷத்துக்கு. "ரெண்டு வருஷம் போதும் எனக்கு, அதுக்குள்ள வேற வழி பாருங்க"ன்னார். ஒரு மணி நேரம் ஆகல. அந்த ஒரு மணி நேரத்தை மார்ச்சுல செலவு பண்ணியிருந்தா போதும்டா.

அதனால நாளைக்கு ஓடையில மட்டும்தான் இயந்திரம் இறங்குது. வடக்கு நாணல் பக்கம் கொடி நட்டாச்சு. சாயங்காலம் எனக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. டைப்பிஸ்ட் அடிக்கும்போது ரெண்டு தடவை தப்பு விட்டு மறுபடி அடிச்சாளாம், பாவம்.

இப்ப எனக்கு நேரம் நிறைய இருக்கு. வடக்குல எத்தனை இருக்குன்னு எண்ணணும். வலைக்காரம்மா கம்பி பிடிக்க சம்மதிச்சிருக்காங்க, என் மேல இரக்கத்துல இல்ல, நான் தப்பா மிதிச்சுடுவேன்னு. எதைப் பாக்கணும், எப்படி எழுதணும்னு சொல்லு.

அக்கா


தீவு நிலையம்
மே 24

அக்கா,

நீ சொன்ன பேச்சை என்னிக்குக் கேட்டிருக்க. எனக்குக் கோவம்தான். ஆனா உன் கடிதத்தை நிலையத்து டைரக்டர் மேஜையில வெச்சுப் படிக்கக் கொடுத்தேன், அவ்வளவு பெருமை. அவர் படிச்சுட்டு, என் ஒப்பந்தம் ஜூனோட முடியுது, நீட்டிக்க முடியாதுன்னு நல்ல மாதிரியா சொன்னார்.

எண்ணற விதம் இதுதான். விடிஞ்சதும் வெயில் ஏறறதுக்குள்ள முடிச்சுடு. நாணல் ஓரத்தைப் பத்து பத்து அடிக் கட்டமா கயிறு போட்டுப் பிரி, அது உனக்குக் கை வந்த வேலை. கம்பி பட்டதும் கையால தோண்டு, மண்வெட்டி ஆகாது. முழுசா வெளிய எடுக்காதே, பாதி தூக்கி வயித்துப் பக்கம் பாரு. வயித்து ஓட்டுல கட்டம் கட்டமா இருக்கும், ஒவ்வொண்ணுலயும் மரத்துல இருக்கற மாதிரி வளையம். சின்ன வயசுல வளையம் ஆழமா, எண்ணற மாதிரி இருக்கும். வயசாக ஆக சேத்துல உரசி உரசித் தேஞ்சுடும். வழவழன்னு இருந்தா எண்ணவே வேண்டாம், "தேய்ந்தது"ன்னு எழுது.

ரொம்ப முக்கியம், உள்ளங்கை அளவு இருக்கற சின்னதுங்க எத்தனைன்னு தனியா எழுது. பெருசை விட அதுதான் எனக்கு வேணும். பத்துக்கு மூணாவது சின்னதா இருந்தா பயம் இல்ல.

பறவைக்காரன் ஆமைக்குப் பாடம் எடுக்கறேன். புஸ்தகம் பாத்துதான் எழுதறேன், சிரிக்காதே.

தம்பி


ஏரிக்கரை குடியிருப்பு
மே 31

தம்பி,

அஞ்சு நாள் எண்ணினோம். எண்பத்தி ரெண்டு கட்டம். முதல் நாள் நான் மூணு தடவை விழுந்தேன், வலைக்காரம்மா ஒரு தடவை கூட கை கொடுக்கல. நாலாம் நாள் கொடுத்தாங்க.

முதல் ஆமையக் கையில பாதி தூக்கினப்ப கனம் தாங்காம தடுமாறினேன். அது கண்ணைத் திறக்கல. உள்ள ஏதோ மெதுவா அசைஞ்சது, அவ்வளவுதான். இதையா நான் லாரியில ஏத்தினேன்னு அங்கயே சேத்துல உக்காந்துட்டேன். "எழுந்திருங்க, வெயில் ஏறுது"ன்னாங்க அவங்க.

மொத்தம் முப்பத்தி ஒண்ணு. நோட்டுல எழுதினதை அப்படியே சொல்றேன். தேய்ந்தது, தேய்ந்தது, தேய்ந்தது. இருபத்தி ஆறுக்கு அதேதான் எழுதியிருக்கேன். மிச்சம் அஞ்சுல வளையம் மங்கலா தெரிஞ்சது, பதினஞ்சு, பதினெட்டுன்னு வருது. உள்ளங்கை அளவுல ஒண்ணு கூட இல்லடா. ஒண்ணு கூட. கம்பிக்குத் தட்டாம போயிருக்குமோன்னு கடைசி ரெண்டு நாள் கையாலயே துழாவினேன், நகமெல்லாம் போச்சு.

சின்னதெல்லாம் எங்கன்னு வலைக்காரம்மாகிட்ட கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கம்பிய ஓடைத் தண்ணியில கழுவிக்கிட்டே சொன்னாங்க. "சின்னது எல்லாம் தெக்கதான். அங்கதான் ஆழம் கம்மி."

நான் எண்ணின அந்த நூத்தி நாப்பதுல பெருசு எத்தனை, சின்னது எத்தனைன்னு நான் பாக்கவே இல்ல. இப்ப கண்ணை மூடினா கை அளவு ஓடாதான் தெரியுது.

காப்பாத்திட்டோம்னு கொடி நட்டு வெச்சிருக்கோமே, எதைடா காப்பாத்தினோம்? உண்மையச் சொல்லு. எனக்கு ஆறுதல் வேண்டாம்.

மேற்கால ரெண்டு நாளா கருமேகம் கட்டுது.

அக்கா


தீவு நிலையம்
ஜூன் 5

அக்கா,

ஆறுதல் இல்லாமலே எழுதறேன். குட்டி இல்லாத கூட்டம் முடிஞ்சுபோன கூட்டம்தான். அந்த முப்பத்தி ஒண்ணும் இன்னும் இருபது, முப்பது வருஷம் இருக்கும். ஏரியில ஆமை இருக்குன்னு எல்லாரும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க, ஒருநாள் ஒண்ணும் இருக்காது.

ஆனா பெண் ஆமை சாகற வரைக்கும் முட்டை போடும். இந்த மழைக்கும் போடும். பொரிஞ்சு வர்றதுல நூத்துக்கு ரெண்டோ மூணோ தங்கும். அது வளர்ந்து மறுபடி முட்டை போட பன்னெண்டு வருஷம் ஆகும். அப்ப உனக்கு அறுபத்தி நாலு, எனக்கு அம்பத்தேழு. நாம இன்னிக்கு செஞ்சதுக்குப் பலன் உண்டா இல்லையான்னு அன்னிக்குத்தான் தெரியும். அதுக்கு முன்னாடி யார் கேட்டாலும் தெரியாதுன்னுதான் சொல்லணும், நானும் பேப்பர்ல வாயத் திறக்க மாட்டேன்.

ராத்திரி பகலா இதையே யோசிச்சதுல ஒண்ணு தோணுச்சு, உனக்கு மட்டும்தான் இது முடியும். முதல் மழை பெய்ஞ்ச நாலஞ்சு நாள்ல அது முட்டை போடக் கரை ஏறும். எந்தக் கரைன்னு வலைக்காரம்மாகிட்ட கேளு. வடக்குக் கரைன்னு சொன்னா கஷ்டம், அது மேலதான் ரெண்டு மாசமா சூளைக்குப் போற உங்க லாரி ஓடியிருக்கு. மண் இறுகி சிமென்ட்டா கிடக்கும், ஆமையால தோண்ட முடியாது. தோண்டிப் பாத்துட்டு முட்டையத் தண்ணியிலயே விட்டுட்டுப் போயிடும். அந்த வழியைப் போட்டது நீ. எவ்வளவு ஆழம் இறுகியிருக்கும், எப்படி இளக்கணும், மணல் எவ்வளவு கலக்கணும்னு என் புஸ்தகம் எதுலயும் இல்ல.

பெரியவர்கிட்ட அனுமதி கேளு, டாக்டரைக் கூட கூப்பிடு. உன்னை ஆபீஸுக்குள்ள விடலன்னா அத்தான் உக்காந்த பெஞ்சுல உக்காரு.

என் சாமானைக் கட்டிட்டேன். செவ்வாய்க்கிழமை வந்துடுவேன். மழை அதுக்கு முன்னாடி வந்துட்டா எனக்காகக் காத்திருக்காதே, மண்வெட்டியை எடுத்துக்கிட்டு கரைக்குப் போ.

உன் தம்பி